பழைய ஜீப் வாங்கும் நாட்குறிப்பு: கொழும்பு, ஜூலை 2025

ஜூலை 5, சனி

போகப்போவது ஐந்து பேர்: பெரியவர்கள் இருவர், அம்மம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர். நுவரெலியாவும் போக வேண்டும், வில்பத்துப் பக்கமும் மன்னாரும் போக வேண்டும். இந்த ஐந்து என்ற எண்ணை முதலில் வைத்துவிட்டால் விளம்பரங்களில் பாதி தானாகக் கழிந்துவிடும். 88 அங்குல (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) லாண்ட் றோவர், டொயோட்டா பீஜே40, மிட்சுபிஷி ஜே54 மூன்றும் அருமையான வண்டிகள். ஆனால் மூன்றிலும் பின்னால் இருப்பது பக்கம் பார்த்த வாங்கு. அதில் பிள்ளை இருக்கையைக் கட்ட முடியாது. கலியாணமாகாத இருவருக்கு அது போதும், குடும்பத்துக்குப் போதாது.

மிஞ்சுவது நீளமானவை: 109 அங்குல லாண்ட் றோவர் ஸ்டேஷன் வாகன், டொயோட்டா 60 வரிசை, 1980களின் நீளப் பஜேரோ. பஜேரோவின் 2,477 சிசி 4டீ56 டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். மாற்றிய திகதி சொல்ல முடியாத வண்டியை வாங்கினால் பெல்ட்டை முதல் நாளே மாற்ற வேண்டும். 60 வரிசையில் வரும் 3,431 சிசி 3பீ எஞ்சின் கியரில் ஓடுவது. அந்தப் பயமே இல்லை, விலைதான் கையைக் கடிக்கிறது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறந்தது உண்மைதான். வயதெல்லை இருப்பதால் பழைய ஜீப்புக்கு அதனால் வழி பிறக்கவில்லை. நாட்டுக்குள் ஏற்கனவே இருப்பவற்றில் இருந்துதான் பொறுக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

முழு நாளும் செசி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். எஞ்சினைப் பஞ்சிகாவத்தையில் தேடி எடுக்கலாம், கியர் பெட்டியையும் எடுக்கலாம். செசி உக்கிப்போனால் வண்டியே இல்லை. அதனால் பொனற்றைத் திறக்கும் முன் கீழே படுக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: சின்னச் சுத்தியல், பழைய ஸ்குரூ ட்ரைவர், டோச், துணி சுற்றிய காந்தம், ஐந்து மீற்றர் அளவு நாடா, விரித்துப் படுக்க ஒரு சாக்கு. லாண்ட் றோவரின் செசி, தகடுகளை ஒட்டிச் செய்த பெட்டி வடிவம். மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்துதான் துரு தின்னும். வெளியே பெயின்ற் பளபளக்கும். செசியின் நீளச் சட்டம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும், உக்கினது மந்தமாக ‘தொப்’ என்று கேட்கும். அந்த இடத்தில் ஸ்குரூ ட்ரைவரைக் குத்தினால் உள்ளே போய்விடும். விற்பவர் குத்த விடமாட்டார் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பார்க்கும் இடங்கள்: பின் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் தாங்கிகளுக்கு மேலே, பெற்றோல் தாங்கிக்குப் பின்னால், கதவுத் தூண்களைத் தாங்கும் பக்கக் கைகள். புதிதாகத் தார் பூசிய அடிப்பகுதியைக் கண்டால் இரட்டிப்பு நேரம் தட்ட வேண்டும். வாராந்தம் கழுவும் வண்டிக்குத் தார் திடீரென்று எதற்கு?

பிறகு மூலைவிட்டம். முன் இடது ஸ்பிரிங் ஆணியிலிருந்து பின் வலது ஆணிக்கும், மற்றப் பக்கம் மாறியும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தாறு மில்லிமீற்றரைத் தாண்டினால் எங்கேயோ பலமாக அடிபட்டிருக்கிறது.

லாண்ட் றோவரின் உடல் அலுமினியக் கலவை. துரு பிடிக்காது. ஆனால் இரும்போடு ஒட்டும் இடங்களில் வெள்ளைத் தூள் கட்டி அரித்துப்போகும். கடற்கரை வீதியில் நின்ற வண்டிகளில் இது அதிகம். காற்றுத் தடுப்புக்குக் கீழுள்ள முன் சுவர் இரும்பு: கால் வைக்கும் குழி, காற்று மூடிகளுக்குக் கீழ், கதவுத் தூணின் அடி மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். டொயோட்டாவிலும் மிட்சுபிஷியிலும் எல்லாமே இரும்பு. காந்தம் பிடிக்காத இடத்தில் கட்டலோய் (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) தடிப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

தோட்டத்து ஜீப், கடற்கரை ஜீப் என்று ஒரு பிரிவும் சொல்ல வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் ஓடியதற்கு உப்புக் காற்றுத் துரு குறைவு. கிளச், ஸ்பிரிங், இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டி தேய்ந்திருக்கும். அவையெல்லாம் மாற்றக்கூடியவை. கொழும்பில் வளர்ந்ததை விடத் தோட்டத்து ஜீப்பையே விரும்புகிறோம்.

ஜூலை 10, வியாழன், போயா

எஞ்சின் பார்க்கும் நாள். வருமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும். போனதும் பொனற்றைத் திறந்து எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்.

மிட்சுபிஷியின் 4டீஆர்5 டீசல் 2,659 சிசி. ஊரில் மிக அதிகம் தெரிந்த எஞ்சின். குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கித் தொடக்கும் குளோ பிளக் சரியென்றால் இரண்டாவது சுற்றிலேயே பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நிற்கலாம். நிற்காத வெள்ளைக்குச் சிலிண்டர் அமுக்கம் குறைவு அல்லது இன்ஜெக்டர் காரணம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே துளையில் வையுங்கள். மெல்ல அதிர்ந்தால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது.

லாண்ட் றோவரின் 2,286 சிசி பெற்றோல் எஞ்சினுக்கு வேறு கேள்விகள். நான்கு சிலிண்டர் அமுக்கமும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நிற்க வேண்டும். சூடேறியபின் மணிக்கு 50 கிலோமீற்றரில் ஒயில் அழுத்தம் 35 முதல் 65 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். வால்வு இடைவெளி 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீற்றர். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டபின் பழைய வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லக் குழியத் தொடங்கின. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது என்றால் அதுதான் காரணம். எஞ்சின் தலையைக் கழற்றிக் கடின வால்வு இருக்கைகள் போட்டால் தீர்ந்தது.

இங்கே நிறையக் கராஜ்களில் சூடேறுகிற எஞ்சினுக்கு, தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றிவிடுகிறார்கள். அது வைத்தியமே அல்ல. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பெற்றோல் அதிகம் குடித்து, சிலிண்டரும் வேகமாகத் தேயும். அடைபட்ட றேடியேற்றரைச் சுத்தம் பண்ணாமல் தேர்மோஸ்ராற்றைக் கழற்றிய வண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் கட்டாயம் கொதிக்கும்.

ஜூலை 12, சனி

ஓட்டிப் பார்க்கத் தார் வீதி மட்டும் போதாது. ஹங்வெல்லைப் பக்கம் ஈரமான மண் பாதை நல்லது.

லாண்ட் றோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களும் இழுக்கும். சிவப்புக் குமிழை நின்றபடி பின்னுக்கு இழுத்தால் தாழ் கியர். இரண்டும் விழுந்து திரும்ப விடுபட வேண்டும். முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் நடு டிபரன்ஷியல் இல்லாத வண்டிகள் இவை. காய்ந்த தாரில் நாலு சக்கர இழுவையில் திரும்பினால் அச்சுக்குள் முறுக்கு ஏறி நெம்பு இறுகிப்போகும். விற்பவர் தாரில் வைத்துக் காட்டினால், அப்படியே எத்தனை வருடம் ஓடியிருக்கும் என்று யோசியுங்கள்.

இறக்கத்தில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் பாருங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். லாண்ட் றோவர் வரிசை 2ஏ மாதிரி வண்டியில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டும்தான் கியர் உரசாமல் விழச் செய்யும் சின்குறோமெஷ். முதலாம், இரண்டாம் கியர் உரசினால் அது பழுதல்ல, ஓட்டும் முறை. வரிசை 3இல் நான்குக்கும் உண்டு. அங்கே உரசினால் தேய்மானம்.

முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிறேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரப் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் ஸ்விவல் ஆணி. அதைச் சுற்றியுள்ள குரோம் உருண்டையில் புள்ளி புள்ளியாகக் குழி இருந்தால் சீல் எத்தனை மாற்றினாலும் கிழிந்து ஒயில் ஒழுகும்.

பிறேக்கைப் பற்றித்தான் இந்த நாட்குறிப்பில் மிக அக்கறையோடு எழுதுகிறோம். வரிசை 2, 2ஏ லாண்ட் றோவர்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று. ஒரு சக்கரத்தில் வொஷர் கிழிந்தால் மிதி அடி வரை போய் நான்கும் இல்லாமல் போகும். றம்பொடையில் பிள்ளைகளோடு இறங்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் மிதியை இலேசாக்கும் வெற்றிடச் சேர்வோவும் போடும் செலவை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சின் என்றால் சேர்வோவுக்கு வெற்றிடப் பம்பு தேவை. ஜப்பான் டீசல்களில் அது பெரும்பாலும் அல்ரநேற்றரின் பின்னால் இருக்கும். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது முழுதாக மாற்ற வேண்டும்.

கைப் பிறேக் லாண்ட் றோவரில் ட்ரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால், சாப்ட்டைப் பிடிக்கிறது. ஓடும்போது இழுத்தால் சக்கரத்துக்குப் போகும் அரை சாப்ட் முறியலாம். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால் டிபரன்ஷியல் வழியாகக் கைப் பிறேக் பிடிப்பை இழந்து வண்டி உருளும். கட்டை வைக்காமல் ரயர் மாற்றவே கூடாது. வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் இதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

வண்டியின் பதிவுப் புத்தகம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டிப் பதிவு விபரம் எடுத்து, வண்டியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். வரிசை லாண்ட் றோவர்களில் செசி இலக்கம் முன் வலது ஸ்பிரிங் தாங்கியில் அடித்திருக்கும். டீசல் தோய்த்த துணியால் துடைத்துப் பாருங்கள். அரம் போட்ட தடமோ எழுத்து உயரம் மாறியதோ இருந்தால், இரண்டு மூன்று வண்டிகளைச் சேர்த்துச் செய்த ஒட்டு ஜீப்.

அடுத்து எஞ்சின் இலக்கமும் எரிபொருளும். பெற்றோல் எஞ்சினைக் கழற்றி ஜப்பான் டீசல் போட்ட லாண்ட் றோவர் ஏராளம். போட்டதில் குற்றமில்லை, அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறாமல் இருப்பதுதான் சிக்கல். காப்புறுதிக் கோரிக்கை அங்கேதான் மாட்டும். இருக்கை எண்ணிக்கையும் புத்தகத்தில் இருக்கிறது. குத்தகை நிறுவனத்தின் பெயர் இன்னும் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

‘ஓபன் பேப்பர்’ என்று இடைத்தரகர் கொண்டுவரும் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் எங்களுக்கு வேண்டாம். பதிவில் உள்ளவரை நேரில் காண வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும். தகட்டில் ‘ஸ்ரீ’ எழுத்துள்ள பழைய இலக்க வண்டிகளில் உரிமையாளர் இறந்திருப்பது சாதாரணம். அப்போது உரித்தாளர் ஆவணம் கைக்கு வரும் வரை முற்பணம் கொடுக்கக் கூடாது.

ஜூலை 19, சனி

பின் இருக்கை. 109 ஸ்டேஷன் வாகனின் நடு வரிசை முன்னோக்கியது, மூவர் இருக்கலாம். அம்மம்மா ஏற ஒரு மடிப்புப் படி வேண்டும். மூன்று புள்ளிப் பட்டிக்கான ஆணி 7/16 அங்குலம். அதை வெறும் அலுமினியத் தரையில் போட்டால் இழுக்கும்போது தகடோடு பிடுங்கும். செசியிலோ செசிக்கு ஆணி போட்ட இரும்புச் சட்டத்திலோ பிடிக்க வேண்டும், பின்னால் மூன்று மில்லிமீற்றர் தகடு வைக்க வேண்டும். கராஜ் பாஸ் (மெக்கானிக்) ‘இது போதும் சேர்’ என்றாலும் விடாமல் நிற்க வேண்டிய இடம் இது.

சைலன்சர் வாலின் நுனி உடலுக்கு வெளியே நீள வேண்டும். பின் கதவையோ கன்வஸ் மடலையோ திறந்து ஓடினால் புகை உள்ளே இழுபடும். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தலைசுற்றும்.

ரயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: முதலிரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். ரயரின் பூ (மேல் வெட்டு) நிறைய இருந்தாலும் பத்து வருடம் கடந்த 7.50-16ஐ மாற்றும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

ஜூலை 26, சனி

முடிவு: வரிசை 3, 109 ஸ்டேஷன் வாகன், தோட்டத்தில் இருந்து வந்தது. செசி முழுக்கக் கணீர். மூலைவிட்டம் சரி. புத்தகத்தில் உள்ள பெற்றோல் எஞ்சினே இன்னும் உள்ளே இருக்கிறது, உரிமையாளர் நேரில் வந்தார். எஞ்சின் கொஞ்சம் நீலப் புகை விடுகிறது, மூன்றாம் சிலிண்டர் அமுக்கம் தாழ்வு. எஞ்சின் திருத்தம், ரயர், முன் பிறேக் சிலிண்டர் மூன்றையும் எழுதி முன்னால் வைத்ததும் விலை இறங்கியது. பணம் வங்கிக் காசோலையாக, பெயர் மாற்றப் படிவங்கள் இரு தரப்பும் ஒரே மேசையில் கையெழுத்திட்டபின்.

எந்தப் பயணத்துக்கும் முன் எல்லா ஒயிலும் மாற்ற வேண்டும். எஞ்சினுக்கு 20டபிள்யூ-50, பில்ற்றரோடு சுமார் 6.85 லீற்றர். கியர் பெட்டிக்கு 90 தடிப்பு, 1.5 லீற்றர். ட்ரான்ஸ்பர் பெட்டிக்கு 2.5. பின் சாலிஸ்பரி அச்சுக்கு 2.5, முன் அச்சுக்கு 1.75, ஸ்விவல் ஒவ்வொன்றுக்கும் அரை லீற்றர். கியர் பெட்டிக்கு ஜீஎல்-4 தரம் நல்லது, உள்ளே வெண்கலப் புஷ்கள் இருக்கின்றன. ட்ரான்ஸ்பர் பெட்டி நிரம்பி வழிந்து கியர் பெட்டி குறைந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போய்விட்டது. 500 கிலோமீற்றர் ஓடியபின் இரண்டு மட்டத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

பிறேக் மாற்றம் அடுத்த கிழமை தொடங்குகிறது. அது முடியும் வரை வண்டி கராஜை விட்டு மலைக்குப் போகாது.