காவிக்கல் அரைத்த வாரம்

மார்ச் 2

நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ காவிக்கல் வாங்கினேன். கோலத்துக்குக் கரை கட்டவா என்று கேட்டார் கடைக்காரர். ஒரு லட்சம் வருஷத்துக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவில் அரைத்த மாதிரி அரைத்துப் பார்க்கப் போகிறேன் என்றேன். இன்னும் ஒரு கட்டி சேர்த்துப் போட்டார்.

மார்ச் 3

அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேப் டவுனுக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில், கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது ப்ளோம்போஸ் குகை. 2008-இல் அங்கே இரண்டு அபலோன் (ஒரு வகைக் கடல் நத்தை) சிப்பிகள் கிடைத்தன. உள்ளே காய்ந்துபோன காவிக் கலவை. பக்கத்திலேயே இடிக்கும் கல், அரைக்கும் கல், எலும்பு. தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் குழு 2011-இல் இதை வெளியிட்டது. கலவையில் காவித்தூளோடு நொறுக்கிய எலும்பும் கரியும் இருந்தன. எலும்பைச் சூடாக்கி நொறுக்கியிருக்கிறார்கள். சூட்டில்தானே கொழுப்பு கசியும்!

கல் ஓரிடம், சிப்பி கடலோரம், எலும்பு வேட்டையில். எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்தால்தான் இது நடக்கும். எனக்குக் கலவையை விட இந்தச் சேகரிப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 5

அம்மியில் அரைத்தேன். அரை மணி நேரத்துக்கு இரண்டு ஸ்பூன் தூள்தான். விரலில் தேய்த்தால் நறநறவென்கிறது. அம்மியும் கொஞ்சம் தேய்ந்து கலந்திருக்கிறது. ப்ளோம்போஸ் கலவையிலும் அரைக்கும் கல்லின் துகள்கள் உண்டு. அதைப் படித்தபோது புரியாதது இன்று கையில் புரிந்தது.

மார்ச் 6

தண்ணீரில் குழைத்துக் கருங்கல்லில் பூசினேன். காய்ந்ததும் துணியோடு வந்துவிட்டது. சரி என்று நல்லி எலும்பைச் சுட்டு, உடைத்து, மஜ்ஜையோடு குழைத்தேன். நிறம் உடனே இறங்கி ரத்தச் சிவப்பானது. மேலே தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது.

மார்ச் 7

வேலை அதிகம். நகக்கண்ணில் சிவப்பு இன்னும் போகவில்லை.

மார்ச் 8

கொட்டாங்குச்சியில் போட்டு விரலால் கலக்கினேன். மணல் துகள் ஓட்டில் உராய்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிப்பிகளின் பளபளப்பான உட்புறத்திலும் கலக்கியதால் விழுந்த நுண்ணிய கீறல்கள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் அவர்கள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்புறம் காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் மூடிவிட்டது.

நானும் கொட்டாங்குச்சியைக் கழுவவில்லை. அம்மி மேலேயே இருக்கிறது.