கண்ணுக்கு அடியில் ஒரு தகடு: எதை வைப்பது என்று முடிவுசெய்த கதை

பந்து பட்டதில் கண் தப்பித்துவிட்டது, உடைந்தது அதைத் தாங்கியிருந்த எலும்பு. கண்குழியின் தரை பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காதாம், அதற்குக் கீழே மூக்கோடு இணைந்த வெறும் காற்றறைதான், சைனஸ் என்பார்கள். கண்ணைச் சுற்றியிருந்த கொழுப்பும் கொஞ்சம் தசையும் அந்த ஓட்டைக்குள் இறங்கிவிட்டன. நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். மாடிப்படியில் கைப்பிடி இரண்டாகத் தெரிய, எதைப் பிடிப்பது என்று புரியாமல் அப்படியே நின்றிருக்கிறேன். கன்னமும் மேல்வரிசைப் பற்களும் மரத்துப்போயிருந்தன.

வீக்கம் வடியட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தோம். ஆனால் குழந்தைகளுக்கு இப்படி அடிபட்டுத் தசை இடுக்கில் மாட்டிக்கொண்டால் காத்திருக்கவே கூடாது, உடனே ஓட வேண்டும். வெளியே பெரிய வீக்கமே தெரியாமல்கூட இருக்கும்.

அப்புறம் அந்த ஓட்டையை மூட வைக்கும் தகடுகளின் மாதிரிகளை டாக்டர் மேசைமேல் எடுத்துவைத்தார். டைட்டானியம் வலை கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரி இருந்தது, ஆனால் தாள் கனம்தான். வளைத்த வடிவத்தில் அப்படியே நிற்கும், ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், ஆனால் அதன் துளைகளில் திசு ஒட்டிக்கொண்டால் கண் அசைவு தடைபடலாம். இன்னொன்று பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தகடு, வெள்ளையாக, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. அதன் நுண்துளைகளுக்குள் நம் திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நல்லதுதானே என்றேன். "பின்னால் எடுக்க வேண்டி வந்தால் அதுவே சிரமம்" என்றார். பின்னால் எடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்ற இந்த ஒரு கேள்வியை எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். உடம்பிலேயே கரைந்துபோகும் தகடும் உண்டு, என் ஓட்டை பெரியது என்பதால் அதை வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் பாலிஎத்திலீனுக்குள்ளேயே டைட்டானியம் வலை பதித்த தகடு என்று முடிவானது.

கீழிமையின் உட்புறத்தில்தான் கீறினார்கள், வெளியே தழும்பே இல்லை. அன்று ராத்திரி முழுக்க நர்ஸ் அடிக்கடி வந்து டார்ச் அடித்து, எத்தனை விரல் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வை நரம்பு நசுங்கிவிடும் என்று தெரிந்தபின் அந்த வெளிச்சத்துக்காகவே காத்திருந்தேன்.

சில வாரங்களுக்கு மூக்குச் சிந்தவே கூடாது, சைனஸிலிருந்து காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரட்டைப் பார்வை போக ஆறு வாரம் பிடித்தது. எட்டு மாதமாகியும் மேலுதட்டின் ஓரத்தில் மரப்பு கொஞ்சம் பாக்கி இருக்கிறது, முகம் கழுவும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீரின் குளிர் தெரிவதில்லை.