தட்டிப் பார்த்துச் சொன்ன சுவர்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில், 1970களின் இறுதியில் கட்டப்பட்ட மூவறை மறுவிற்பனை வீட்டை வாங்கியது சிக்கலின்றி முடிந்தது. புதுப்பிப்புதான் எங்களை அலைக்கழித்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டால், அடுப்பருகே நின்றபடியே சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவைக் கவனித்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் திட்டம்.

புதுப்பிப்பு வேலைக்கு நாங்கள் அமர்த்திய முதல் குத்தகையாளர் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் செங்கல்தான், இரண்டு நாளில் எடுத்துவிடலாம்" என்றார். அதை நம்பி, சுவர் இல்லாத அளவில் அலமாரிகளுக்கு முன்பணம் கொடுத்தோம். சுவரை இடிப்பதற்கான அனுமதியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "போட்டாகிவிட்டது" என்றார். நான்கு வாரங்களுக்குப் பிறகு நானே தேடிப் பார்த்தபோதுதான், அவருடைய நிறுவனம், அரசாங்க அடுக்குமாடி வீடுகளை நிர்வகிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குத்தகையாளர் பட்டியலிலேயே இல்லை என்பது தெரிந்தது. பட்டியலில் உள்ளவர் மூலமே விண்ணப்பிக்க முடியும் என்பதால், எங்கள் வீட்டுக்கு விண்ணப்பம் எதுவும் போயிருக்கவில்லை. ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்பதைக் கையெழுத்திடும் முன்பே பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது.

இரண்டாவது குத்தகையாளர் சுவரைத் தொடவே இல்லை. முதலில் வீட்டின் வரைபடத்தைக் கேட்டார். வீவக இணையத்தளத்தில் கட்டணம் செலுத்தி வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சுவரின் ஒரு பகுதி கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட்; அதை யாரும் இடிக்க முடியாது. எஞ்சிய செங்கல் பகுதியை மட்டும் அகற்ற அனுமதி கிடைத்தது. அலமாரி முன்பணம் வீணானது. ஆனால், திறந்த அந்தச் சிறு இடைவெளியின் வழியே அம்மாவின் நாற்காலி நேராகத் தெரிந்தபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தரையிலும் ஒரு பாடம் இருந்தது. சக்கர நாற்காலி தடையின்றி உருள, பழைய ஓடுகளின் மேலேயே புதியவற்றைப் பதித்து மட்டத்தைச் சமப்படுத்த நினைத்தோம். ஆனால் வீவக விதிப்படி, பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஒரு அடுக்குப் பதித்திருந்ததால், அனைத்தையும் பெயர்க்க வேண்டியதாயிற்று. இரைச்சலான அவ்வேலையை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம் என்பதால் நாட்கள் நீண்டன. முன்கூட்டியே மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னது நல்லதாயிற்று. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் கீழ்வீட்டுத் தாதி, அந்நாட்களில் தம் அக்காள் வீட்டில் தங்கிக்கொண்டார்.

முதல் குத்தகையாளருக்குக் கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம் என்பதால், ரசீதுகளையும் குறுஞ்செய்திகளையும் தேதிவாரியாக அடுக்கி மனுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் அழைத்திருக்கிறார்கள்.