அந்தத் தாய் கேட்ட கேள்வி

தடுப்பூசிப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், ஊசிக்குத் தயங்கும் பெற்றோரெல்லாம் விவரம் அறியாதவர்கள் என்றே எண்ணியிருந்தேன். சளிக்காகக் குழந்தையைத் தூக்கி வந்த ஒரு தாய்தான் அந்த எண்ணத்தை மாற்றினார். அட்டையில், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பூசியின் முதல் தவணை மட்டுமே பதிவாகியிருந்தது. ஏன் பிறகு வரவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "ராத்திரி முழுக்க உடம்பு கொதிச்சுதுங்க. தொடையில கல்லு மாதிரி கட்டி. இப்படி ஆகும்னு யாருமே சொல்லலையே" என்றார்.

காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி சில வாரங்கள் நீடித்தாலும் தானே கரைந்துவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். வரிசை நீண்டிருந்த ஏதோ ஒரு நாளில் அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை.

தொண்டை அடைப்பான் கண்ட குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைப்பதை இன்றைய இளம் பெற்றோரில் பலர் பார்த்ததில்லை. அவர்கள் கண்ணால் கண்டது ஊசிக்குப் பின் வந்த காய்ச்சலை மட்டுமே. தானாக வரும் நோயைவிட, தாமே தூக்கிச் சென்று போட்ட ஊசியால் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற குற்ற உணர்வே அவர்களை அதிகம் வாட்டுகிறது.

படித்த பெற்றோர், தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருமா என்று கேட்பார்கள். 12 குழந்தைகளை மட்டும் வைத்து இரண்டையும் தொடர்புபடுத்தி 1998இல் வெளியான கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 6,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவும் தொடர்பில்லை என்றே காட்டியது. ஆயினும் தட்டம்மை ஊசி போடும் வயதையொட்டியே ஆட்டிசத்தின் அறிகுறிகள் பல குழந்தைகளிடம் புலப்படத் தொடங்குவதால், இரண்டையும் முடிச்சுப் போடும் பெற்றோர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. தட்டம்மையின் வேகத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன்: தடுப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை அது தொற்றும், ஊசிக்குரிய வயதை எட்டாத கைக்குழந்தைகளும் அதற்குத் தப்புவதில்லை.

விட்டுப்போன தவணையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று அந்தத் தாயிடம் விளக்கினேன். "இன்னைக்கும் காய்ச்சல் வருமா?" என்று கேட்டார். "வரலாம்" என்றேன். குழந்தையின் எடைக்கு மருத்துவர் சொன்ன பாராசிட்டமால் அளவை அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். அதை இருமுறை படித்துவிட்டு, அவரே குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார்.