ஐ.பி. மனு தள்ளுபடி ஆகி அப்பீல் போன எங்க அனுபவம்

கொங்கு பக்கம் சின்ன டவுன்ல எட்டு தறி ஓட்டிட்டு இருந்தேங்க. 2017ல துணி எடுத்துட்டு இருந்த பார்ட்டி பணம் தராம இழுத்ததுல வட்டி கூட கட்ட முடியல, புரோநோட்டு, கைமாத்து எல்லாம் சேத்து 14 பேருக்கு 23 லட்சம், தறிய வித்தது பேங்க் லோனுக்கே சரியா போச்சு. வேற வழி தெரியாம சப் கோர்ட்ல ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன், கடன கட்ட முடியல, திவால்னு அறிவிங்கன்னு கேக்கற மனு) போட்டோம், ஊர்ல மஞ்ச நோட்டீஸ்னு சொல்வாங்களே அதேதான்.

ஒரு வருஷம் வாய்தா வாய்தான்னு போயி கடைசில மனு தள்ளுபடி. மனு போடறதுக்கு 14 மாசம் முன்னாடி வீட்டுல என் பாதி பாகத்த சம்சாரம் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வச்சிருந்தேன், அதனால நல்ல எண்ணத்தோட வரலன்னு ஆர்டர். எழுதி வச்சது தப்புதான், பயத்துல செஞ்சேன், ஆனா மனுவுல அத மறைக்கல.

வெளிய வந்ததும் வக்கீல் சார் சொன்னது ஒண்ணுதான், "தம்பி, இன்னைக்கே காப்பி அப்ளிகேஷன் போட்டுட்டு வீட்டுக்கு போ", அதாவது ஆர்டரோட சான்று நகல் கேட்டு மனு. 1920ம் வருஷ மாகாண திவால் சட்டம், பிரிவு 75, சப் கோர்ட் ஆர்டர் மேல ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள்தான். காப்பி ரெடியாகறதுக்கு ஆகற நாள கழிச்சுக்கலாம், ஆனா நீங்க அப்ளிகேஷன் போடாம வீட்ல மனசு ஒடிஞ்சு படுத்திருந்த நாள் எல்லாம் அந்த 30ல கரையும். காப்பிக்கு ஸ்டாம்ப் கேட்டு கோர்ட் போர்டுல லிஸ்ட் ஒட்டுவாங்க, அதையும் போயி பாத்துட்டே இருக்கணும்ங்க, யாரும் கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க. (சென்னைக்குள்ளன்னா 1909 திவால் சட்டம், ஹைகோர்ட்லயே நடக்கும். 2016ல வந்த புது திவால் சட்டத்த நம்பி சில பேர் அலையறாங்க, அதுல தனிநபர் பகுதி கம்பெனி கடனுக்கு கேரண்டி போட்டவங்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர்ல இருந்து நடைமுறைக்கு வந்திருக்கு.)

அப்பீல்ல என் கஷ்டத்த பத்தி சார் ரொம்ப பேசவே இல்ல. பிரிவு 24 படி கடனாளியே மனு போட்டா, கடன அடைக்க முடியலன்னு நம்பறதுக்கு மேலோட்டமான ஆதாரம் இருந்தா போதும், அவன் யோக்கியனா இல்லையான்னு பாக்கறது பின்னாடி டிஸ்சார்ஜ் (கடன்ல இருந்து விடுவிக்கறது) கேக்கும்போதுதான், 1916லயே பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்து கடைசி அப்பீல் கோர்ட்) இத சொல்லியாச்சுன்னு தீர்ப்ப எடுத்து வச்சாரு. இன்னொண்ணும் சொன்னாரு, அது எனக்கே அப்பதான் உறைச்சுது. என்னைய இன்சால்வென்ட்னு (திவாலானவன்னு) அறிவிச்சாதான் ரிசீவர் (சொத்த பொறுப்பெடுக்க கோர்ட் போடற ஆள்) வந்து பிரிவு 53ல அந்த செட்டில்மெண்ட்ட ரத்து பண்ண கேக்க முடியும், ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதினதுக்கு அதுல இடம் இருக்கு, மனுவையே தள்ளிட்டா அந்த வழி கடன் கொடுத்த 14 பேருக்கும் அடைஞ்சு போகுதேன்னாரு.

ஆனா நாள் தின்னது இந்த வாதம் இல்லீங்க, நோட்டீஸ் சார்வு, அதாவது எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கொண்டு சேக்கறது. 14 பேரும் எதிர்மனுதாரர், ஒவ்வொருத்தருக்கும் பேட்டா (நோட்டீஸ் அனுப்பற கட்டணம்) கட்டணும், ஒருத்தர் இறந்துட்டாரு அவர் வாரிசுகள சேக்க மனு, ஒருத்தர் ஊர காலி பண்ணிட்டாருன்னு பேப்பர் பப்ளிகேஷன், இதுக்கே பத்து மாசம். இதுக்கு நடுவுல என் மேல கோர்ட்ல பணத்துக்கு டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி வச்சிருந்த ஒருத்தர் அத நிறைவேத்தச் சொல்லி ஈ.பி. மனு போட்டு அரெஸ்ட் கேட்டாரு, அந்த நோட்டீஸ் வந்த ராத்திரி வீட்ல யாரும் தூங்கல. அப்பீல் நடக்குது, கட்ட வழியில்லன்னு அங்கயும் கவுண்டர் (பதில் மனு) போட்டோம்.

17 மாசத்துல அப்பீல் அனுமதிச்சாங்க, சப் கோர்ட் ஆர்டர் ரத்து, என்னைய இன்சால்வென்ட்னு அறிவிச்சு டிஸ்சார்ஜ் மனு போட ஒரு வருஷம் டைம். கடன் போயிடுச்சுன்னு சொந்தக்காரங்க நெனச்சாங்க, அப்படி இல்லீங்க, சொத்து ரிசீவர் கைக்கு போகும், கடன் கொடுத்தவங்க அங்க தங்களுக்கு வர வேண்டிய பாக்கிக்கு கணக்கு காட்டணும், அந்த ஒரு வருஷத்துக்குள்ள டிஸ்சார்ஜ் மனு போடலன்னா அறிவிச்சதையே ரத்து பண்ணிடுவாங்க.

செட்டில்மெண்ட்ட ரத்து பண்ண ரிசீவர் மனு போட்டாரு, நாங்க எதிர்க்கல, சம்சாரமே கோர்ட்ல சம்மதம்னு சொல்லிட்டா. பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த ஒரு லட்சத்த எனக்கு கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு கணக்கு மனு எழுதத் தெரியாது, ரிசீவர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து நானே எழுதிக் கொடுத்தேன்.