காய்ந்த பிறகு எடுத்த படம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டு முற்றம், மதில், படிக்கட்டு எல்லாவற்றையும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் மெஷின் போட்டுக் கழுவிக் கொடுக்கிறேன். தீபாவளி நெருங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. வேலை வருவதே வாட்ஸ்அப்பில் நான் போடும் 'கழுவுமுன், கழுவியபின்' படங்களால்தான்.

டர்பன் ஈரக்காற்றில் பாசிக்குக் கேட்கவா வேண்டும்? அதிலும் தெற்குப் பார்த்த மதில் கறுத்தே கிடக்கும். இங்கே உச்சி வெயில் வடக்கிலிருந்துதானே அடிக்கிறது!

கழுவிய கையோடு படம் எடுத்தால் எடுபடாது. நனைந்த சிமென்ட் கருத்துத்தான் தெரியும், காய்ந்தால்தான் வெளுப்பு. டிசம்பர், ஜனவரியில் காய்வதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொள்ளும். அதனால் மறுநாள் இன்னொரு நடை போவேன். சரி, ஆன்ட்டி டீ கொடுக்காமல் அனுப்பமாட்டார்.

இரண்டு படமும் ஒரே இடத்தில் நின்று, ஏறக்குறைய அதே நேரத்தில் எடுப்பேன். கேட் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டால் கோணம் மாறாது. நான் தொடாத ஏதாவது ஒன்று, ஒரு பூந்தொட்டியோ துளசி மாடமோ, இரண்டிலும் விழ வேண்டும். அதன் நிறம் மாறாமலிருந்தால் ஃபில்டர் வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

ஊருக்குக் காட்டாத படங்களும் உண்டு. மெஷினை இறக்குமுன் தரையிலுள்ள வெடிப்பு, பெயர்ந்த கல், உரிந்த பெயின்ட் எல்லாவற்றையும் கிட்டப்போய் எடுத்துவிடுவேன். "இது நேற்றுவரை நன்றாக இருந்ததே தம்பி" என்று ஒரு அங்கிள் இழுத்தபோது, போனை நீட்டியதோடு பேச்சு முடிந்தது.