குடியிருப்பவர் எழும்ப மறுத்தால், பூட்டை மாற்றுவதற்கு முன்

ஏப்ரல் சீசன் நெருங்கினால் நுவரெலியாவில் அனெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் வந்துவிடும். மாத வாடகைக்காரர் போனால் நாள் வாடகைக்கு விடலாம். அவரோ போகிற மாதிரி இல்லை, மூன்று மாத வாடகையும் பாக்கி. அந்த நேரம் பார்த்து "நாங்கள் எழுப்பித் தருகிறோம்" என்று யாராவது வருவார்கள்.

அப்படி வருபவர்களில் இரண்டு ரகம். ஒருவர் சட்டத்தரணியோடு சேர்ந்து கடுதாசி வேலை பார்ப்பவர். மற்றவர் நாலு பேரோடு வந்து சாமானைத் தூக்கி வெளியே வைப்பவர். இரண்டாமவரிடம் காசு கொடுத்தால், குடியிருப்பவர் நேரே பொலிஸுக்குப் போவார். விஷயம் இலங்கையின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் (1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கம்) 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு வரும். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரையே திரும்பக் குடியமர்த்த உத்தரவு கிடைக்கலாம். வீட்டு உறுதிப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பது அங்கே கேள்வியில்லை. வீடு யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. லைட்டை வெட்டுவதும் தண்ணீரை அடைப்பதும் இதே வம்பைத்தான் இழுத்துவரும்.

முதலில் உங்கள் கையிலிருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்துப் போட்ட "இரண்டு வருட அக்ரிமென்ட்" இரண்டு வருடக் குத்தகையாக நிற்காது. மாதா மாதம் வாடகை வாங்கியிருந்தால் அதை மாத வாடகையாகவே பார்ப்பார்கள்.

மாத வாடகை என்றால் முழு ஒரு கலண்டர் மாத நோட்டிஸ் வேண்டும், அது மாதக் கடைசியில் முடிய வேண்டும். மார்ச் 31இல் வீடு வேண்டுமென்றால் பெப்ரவரி முடிவதற்குள் நோட்டிஸ் அவர் கையில் இருக்க வேண்டும். மார்ச் 3இல் கிடைத்தால் ஏப்ரல் 30தான். இங்கே பிழை விட்டால் வழக்கே விழுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். மலைநாட்டுத் தபாலை நம்பிக் கடைசி நாளில் போடாதீர்கள்.

பழைய வீடுகளில் சில 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும். அங்கே எழுப்புவதற்கான காரணங்களும் நோட்டிஸ் காலமும் வேறு. சட்டத்தரணியிடம் காட்டாமல் தேதி போடாதீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறை இன்னொரு கதை, அதை வீட்டு வாடகைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

நோட்டிஸுக்குப் பிறகு அவர் காசு நீட்டுவார். வாங்கி "வாடகை" என்று துண்டு எழுதினால், புது வாடகை தொடங்கியதாக வாதிட இடம் கொடுத்தீர்கள். வாங்குவதென்றால் வீட்டைப் பயன்படுத்தியதற்கான நட்டம், உரிமைகளுக்குப் பாதகமின்றி என்று எழுதுங்கள்.

பிறகு மாவட்ட நீதிமன்றம். நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை கையில் இருந்தால் குத்தகைக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுவதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் பொருந்துமா என்று கேளுங்கள். அதில் நீதிமன்றம் முதலில் ஒரு தற்காலிகத் தீர்ப்பாணை பிறப்பிக்கும்; ஏன் போக முடியாது என்று வந்து காட்டுவது குடியிருப்பவர் பொறுப்பு. சாதாரண வழக்கின் இழுவையோடு பார்த்தால் இது பெரிய விஷயம்.

வழக்கு நடக்கும்போதே சமாதானம் பேசலாம். பாக்கியில் பாதியை விட்டுக்கொடுத்து லொறிக் கூலியையும் போட்டால் பலர் போய்விடுவார்கள். கௌரவம் பார்ப்பவருக்கு இது கசக்கும், ஆனால் செலவு குறைவு. பேசியதை, அவர் போக வேண்டிய தேதியோடு, நீதிமன்றத்தில் பதியச் செய்யுங்கள். அந்தத் தேதியில் அவர் போகாவிட்டால் புது வழக்குத் தேவையில்லை, அவரை வெளியேற்ற நீதிமன்ற எழுத்தாணை (ரிட்) கேட்கலாம்.

எழுத்தாணையோடு வீட்டை ஒப்படைப்பவர் பிஸ்கால், அதாவது நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அலுவலர். நீங்கள் காசு கொடுத்துப் பிடித்த ஆள் அல்ல, நீங்களும் அல்ல. அன்றைக்கு உங்கள் பக்கத்தில் பூட்டுத் திறப்பவர், புதுப் பூட்டு, சாமான் பட்டியல் எழுத இரண்டு பக்கமும் சாராத ஒருவர், லைட் மீட்டரைப் படமெடுக்க ஒரு போன் இருக்கட்டும். பண்டாரவளை, ஹட்டன் பக்கம் பல வீடுகளுக்கு லொறி வராது, படியால்தான் இறக்க வேண்டும். கூலி ஆட்களை அதற்கேற்பப் பிடியுங்கள், படங்கு இரண்டும் கொண்டுபோங்கள். நனைந்த மெத்தைக்கு நட்டஈடு கேட்டு அடுத்த கடுதாசி வருவது இந்த ஊர் மழையில் நடக்கக்கூடியதுதான்.